அஞ்சியவாறே திறந்த கதவு

அச்சம் நீங்கிய பின்னரே அயலாரிடம் அன்பு பிறக்குமா, அன்றி அன்பு செய்யத் தொடங்கிய பின்னரே அச்சம் நீங்குமா? அபயதானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றும் நமக்கு இவ்வினா அயலானதன்று. ஆயினும், அபயம் அளிப்பவர் தாமும் அஞ்சிக்கொண்டே அதனைச் செய்தல் கூடுமா என்று நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. பிரான்சு நாட்டுக் கிறித்தவச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு அவ்வெண்ணம் எழுந்தது.

அவ்வூரின் பெயர் லெ ஷாம்பொன். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தில் அமைந்தது. கத்தோலிக்கர் மிகுந்த அந்நாட்டில் இவ்வூரார் பெரும்பாலும் புராட்டஸ்டண்டு சபையினர். 1685இல் பதினான்காம் லூயி மன்னன் அச்சமயத்தைத் தடை செய்தபின், இவர்தம் முன்னோர் நூறாண்டுக்கு மேலாக மறைந்தே வழிபட்டனர். துரத்தப்படுவோரின் துயரம் அவர்களுக்குப் பாட்டி சொன்ன கதையாகவே தெரிந்திருந்தது.

1940இல் பிரான்சு நாஜிப் படையிடம் வீழ்ந்தது. அடுத்து வந்த பனிக்காலத்தில், போதகர் ஆந்த்ரே த்ரொக்மேயின் இல்லக் கதவை ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூதப் பெண்ணொருவர் தட்டினார். கதவைத் திறந்தவர் போதகரின் துணைவியார் மக்தா. இத்தாலியில் பிறந்த அவரும் அவ்வூர்க்கு ஒரு காலத்தில் அயலாரே. வந்தவரை உள்ளே அழைத்து உணவிட்டார். பனியில் நனைந்த காலணிகளை அடுப்பில் உலர வைத்தார். அவை கருகிப்போயின! பங்கீட்டுக் காலத்தில் மாற்றுக் காலணி தேடி அலைய வேண்டியதாயிற்று. அடைக்கலச் சான்று வேண்டி ஊர்த்தலைவரிடம் சென்றபோது, அப்பெண்ணை வெளியேற்றுமாறு அவர் கூறிவிட்டார். அவரை நான் முற்றும் பழிக்கமாட்டேன். தம் ஊரார்க்குத் தீங்கு நேருமென்று அஞ்சியவர் அவர். அப்பெண் வேறிடம் செல்ல நேர்ந்தது.

வகுப்பில் புதிய பிள்ளை வந்து அமர்ந்தால் மற்றப் பிள்ளைகள் விலகி உட்காருவர். அன்பாயிருங்கள் என்று எத்துணை முறை சொல்லினும் பயனில்லை. ஒரு பலகையை இருவர்க்குப் பொதுவாகக் கொடுத்துவிட்டால், மாலைக்குள் இருவரும் ஒருசேரச் சிரிப்பர். ஆசிரியப் பயிற்சியில் கற்றதைவிட இதனை நான் வகுப்பறையிலேயே கற்றேன். லெ ஷாம்பொனிலும் நிகழ்ந்தது இதுவே எனத் தோன்றுகிறது. ஒரே மேசையில் உண்டு, ஒரே பள்ளியில் பயின்று, அயலார் அண்டை வீட்டாராயினர். அவர்களை மதம் மாற்றுவதை ஊரார் நோக்கமாகக் கொள்ளவில்லை. 1942 ஆகஸ்டில் காவலர் பேருந்துகளுடன் வந்தபோது, யூதர்கள் பண்ணை வீடுகளிலும் காடுகளிலும் மறைக்கப்பட்டனர்.

அச்சம் வீணானதும் அன்று. 1943 ஜூனில் மாணவர் விடுதியொன்று சோதனையிடப்பட்டு, அதன் பொறுப்பாளரும் போதகரின் உறவினருமான தானியேல் த்ரொக்மே மாணவர்களுடன் பிடிபட்டார். மறு ஆண்டு மைதானெக் முகாமில் மாண்டார்.

1943 பிப்ரவரியில் போதகரையே கைது செய்யக் காவலர் வந்திருந்தனர். அவர் வீட்டில் இல்லை, காவலர் காத்திருந்தனர். இரவு உணவு வேளை வந்தது. மக்தா அவர்களையும் உண்ண அழைத்தார். இது தகுமா என்று நான் பலநாள் எண்ணியதுண்டு. கணவரைக் கொண்டுசெல்ல வந்தவர்க்கா சோறு? பின்னாளில் பலரும் வியந்து வினவியபோது, உணவு வேளையாயிருந்தது, அனைவர்க்கும் பசித்தது என்பதற்குமேல் அவ்வம்மையார் ஏதும் பெரிதாகச் சொல்லவில்லை.