தேய்ந்ததா, தேய்க்கப்பட்டதா?

வாங்கி ஈராண்டுகூட நிறையாத கார். பல்லாண்டுகள் உழைக்கும் என நம்பிய கிளட்ச் தட்டோ அதற்குள் கருகிவிட்டது. துறையூரில் கார் வைத்திருப்போரிடம் இப்புலம்பலை நாம் கேட்டிருக்கிறோம். பணிமனையின் விடையும் பெரும்பாலும் ஒன்றே: "நீங்கள் ஓட்டிய விதம் அப்படி, தேய்மானத்திற்கு வாரண்டி கிடையாது." அற்பமாகத் தோன்றும் இவ்வழக்கினுள் அறநெறி இறையியலின் பழைய வினா ஒன்று ஒளிந்திருக்கிறது. கண் காணாத இடத்தில் நேர்ந்த கேட்டிற்கு யார் பொறுப்பு?

பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே இறுகப் பிடிபட்டு, இயந்திரத்தின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கடத்துவதே அத்தட்டின் பணி. மிதியைப் பாதி அழுத்திய நிலையில் தட்டு வழுக்கும்; வழுக்கினால் வெப்பம், வெப்பத்தினால் தேய்வு. பச்சைமலை வளைவுகளில் 'ஆஃப் கிளட்ச்'சிலேயே வண்டியை நிறுத்தி ஏற்றுபவர் அதனை விரைவில் இழப்பார் என்பது மெய்யே. ஆயினும் சீல் கசிந்து தட்டில் எண்ணெய் படிந்தாலும் இதே வழுக்கல், இதே கருகல்! கசிவைத் தேடாமல் தட்டை மட்டும் மாற்றினால், சில மாதங்களில் கார் மீண்டும் அதே வாயிலில் வந்து நிற்கும். கியர் பெட்டியைக் கழற்றிப் பார்த்தவர் ஒருவர். பணம் கட்டுபவர் வேறொருவர்.

ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. ஃபோர்டு நிறுவனத்தின் 'பவர்ஷிப்ட்' இரட்டைக் கிளட்ச் கார்கள் அதிர்ந்து நடுங்குவதாகப் பலர் முறையிட்டனர். அவ்வமைப்பில் குறைகள் உண்டு என அறிந்திருந்தும், ஓட்டுபவரின் பழக்கமே காரணம் என்று நிறுவனத்தார் பலருக்கு விடையளித்தனர். 2018 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இயந்திரம் பழுதாவது குற்றமன்று. அறிந்ததை மறைத்து, பழியை அறியாதவர்மேல் சுமத்தியதே குற்றம்.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் கார்களைக் கண்டதில்லை, குதிரைகளைக் கண்டிருந்தார். குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால் அது வாங்குபவருக்கே தெரியும். இழப்போ இடரோ தரக்கூடிய மறைந்த குறையையோ விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறார். இன்னும் நுட்பமாக, அறியாமல் விற்றவருக்குப் பாவமில்லை, ஆனால் குறை பின்னர் தெரியவரும்போது ஈடுசெய்யக் கடமை உண்டு என்கிறார். நம் நாட்டின் சட்டமோ உற்பத்திப் பொறுப்பைத் தனி இயலாக வகுக்க, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை காத்திருந்தது!

அரைகுறையாகச் செய்த வேலையைத் திருச்சபையின் மறைக்கல்வி களவுக்கு எதிரான ஏழாம் கட்டளையின்கீழ் வைக்கிறது என்பதைப் பட்டறையில் பணியாற்றும் நம் இளைஞர்களுக்கு எத்தனை பங்குகளில் சொல்லியிருப்போம்? உரிமையாளருக்கும் இதில் பங்குண்டு. கிளட்சைத் தற்காலிகமாக முடுக்கிவிட்டு, "வண்டியில் ஒரு குறையுமில்லை" என்று அடுத்தவர் தலையில் கட்டுபவரும் அக்குவினாரின் குதிரை வியாபாரியே.

பழைய தட்டைக் கழற்றியதும் அதை உரிமையாளர் கையில் கொடுத்துவிடும் மெக்கானிக்குகளும் உண்டு. எண்ணெய்க் கறை இருக்கிறதா, வெறும் கருகல்தானா என்று அவரே பார்த்துக்கொள்ளலாம்.