நீற்றறையும் குணபரவீச்சரமும்

திருவதிகையில் அப்பர் கதை தெரியாதவர் இல்லை. திலகவதியாரின் தம்பியான அவர் சமணம் தழுவித் தருமசேனர் ஆனதும், சூலை நோய் தாளாமல் அக்காவைத் தேடி வந்து திருநீறு பூசிக்கொண்டதும் இந்த ஊரில் குழந்தைகளுக்கும் பாடம். அதற்காகச் சமணனாக இருந்த பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்பு சுடும் நீற்றறையில் அடைத்தான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினான். கேட்டால் கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும்.

பிறகு மன்னனும் சைவனாகிறான். பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், இருந்த சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலை எடுத்தான் என்கிறது பெரியபுராணம். 7-ஆம் நூற்றாண்டின் முதலாம் மகேந்திரவர்மனே அவன் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. புராணம் சொன்னபடியே நடந்ததா என்பது வேறு பேச்சு. கதையைக் கேட்கிற நாம் எப்படிக் கேட்கிறோம்? இடிபட்ட பள்ளியில் இருந்த துறவிகள் அன்றிரவு எங்கே படுத்தார்கள் என்று நான் பல வருஷம் கேட்டதே இல்லை. அதே மன்னன், அதே அதிகாரம். முதலில் செய்தது கொடுமை, அடுத்துச் செய்தது திருப்பணி!

நம் காலத்து அரசியல்வாதிகளையும் இப்படித்தான் எடை போடுகிறோம். ஜெயலலிதா 2001-இல் குருவாயூர் கோயிலுக்கு யானை கொடுத்தது தொண்டருக்குப் பக்தி, எதிரிக்கு மூடநம்பிக்கை. கருணாநிதியின் மஞ்சள் துண்டு எதிரிக்குச் சோதிடம், தொண்டருக்கு வெறும் துண்டு. நம்மவர் கோயிலுக்குப் போனால் பண்பாடு, அடுத்தவர் தர்காவுக்குப் போனால் ஓட்டு வேட்டை.

சட்டம் இப்படி எடை போடுவதில்லை. பதவியேற்பில் 'கடவுள் அறிய' என்றும் சொல்லலாம், 'உளமார' என்றும் சொல்லலாம். அரசமைப்புச் சட்டம் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைத்திருக்கிறது. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் மட்டும் அது முறைகேடு என்கிறது தேர்தல் சட்டம். 2017-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நம்பிக்கை அவரவர் பாடு, அதை வைத்து அடுத்தவரை என்ன செய்கிறார் என்பதே ஊர்ப் பாடு.

அப்படியானால் அமைச்சரின் நெற்றியைப் பார்ப்பதை விட்டு, அவர் கையெழுத்திட்ட கோப்பைப் பார்க்கலாம். அதில் யாருடைய பள்ளியாவது இடிபட்டிருந்தால், இடித்தவர் நம் சாமியைக் கும்பிடுகிறவர் என்றாலும் கேட்டே ஆக வேண்டும்.