மணிக்கு எது சோத்தாங்கை?

பாண்டிச்சேரியிலிருந்து வில்லியனூர் போகும் சாலையில், ரெட்டியார்பாளையம் தாண்டினால் மூலக்குளம். அங்கே என் தங்கை வீட்டில் மணி என்று ஒரு நாய். சுத்தமான நாட்டு நாய். மழைக்கு ஒதுங்க வந்து, அப்படியே வீட்டு மனுஷனாகிவிட்டது.

போன மாசம் போயிருந்தபோது மாப்பிள்ளை அதற்கு 'ஷேக்ஹேண்ட்' சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கையில் பொறை.

"மணி, கை குடு!"

மணி கொடுத்தது. இடது கை.

"சீ... பீச்சாங்கை! சோத்தாங்கையக் குடுடா!"

மணி கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுபடியும் அதே கையைத் தூக்கியது. பொறை கிடைக்கவில்லை.

"நாய் வாயாலதான சாப்பிடுது மாப்ள... அதுக்கு ஏது சோத்தாங்கை?" என்றேன். எல்லோரும் சிரித்தோம். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கை மகள். இடது கையில் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று கையை மாற்றிக்கொண்டாள்.

அந்த அவசரம்தான் என்னை உறுத்தியது.

நாய்களுக்குக் கைப்பழக்கம் உண்டா? உண்டு என்கிறார்கள். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,901 நாய்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி 2021-ல் வெளியிட்டார்கள். தீனியை எட்டி எடுக்க நாய் எந்தக் காலை நீட்டுகிறது என்று வளர்ப்பவர்களே பார்த்துச் சொன்ன கணக்கு. நூற்றுக்கு 74 நாய்கள் ஏதோ ஒரு காலையே அதிகம் நீட்டின. அந்த 74-ல் வலதுகால்காரர்கள் சுமார் 58 சதவிகிதம். மீதி 42 சதவிகிதம் நம்ம மணி கட்சி! பெண் நாய்களிடம் வலது கொஞ்சம் தூக்கலாம்.

வாலுக்கும் பக்கம் உண்டு. எஜமானரைப் பார்த்தால் வால் வலப்பக்கம் அதிகமாக ஆடுகிறது, மிரட்டுகிற அந்நிய நாயைப் பார்த்தால் இடப்பக்கம் என்று 2007-ல் இத்தாலிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். மூளையின் இரண்டு பாதிகளும் வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் காரணம். நாய் யோசித்து முடிவெடுப்பதில்லை. என் மருமகளும் அப்படித்தான்.

மனிதர்களில் பத்துக்கு ஒருவர் இடதுகைக்காரர். நாய்களோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்ன சிறுபான்மை. சிறுபான்மை என்றாலே நமக்குத் திருத்தத் தோன்றிவிடுகிறதே, அது ஏன்?

இதை ஆயாவிடம் கேட்டேன், மாப்பிள்ளையின் அம்மா. "அந்தக் காலத்துல குழாயா, சோப்பா? ஒரு கையக் கழுவ வச்சிக்கிட்டோம், ஒரு கையச் சாப்பிட வச்சிக்கிட்டோம். அதுல என்னா தப்பு?" என்றார். தப்பே இல்லை. அது சுத்தத்துக்கான ஏற்பாடு. ஆனால் ஏற்பாடு எப்போது ஒழுக்கமாகிறது, ஒழுக்கம் எப்போது அவமானமாகிறது என்பதுதான் கேள்வி. இதே தமிழ் மண்ணில் சாதிகளையே வலங்கை, இடங்கை என்று இரண்டாக வகுத்து வைத்திருந்தார்கள். எந்தத் தெருவில் யாருடைய கல்யாண ஊர்வலம் போகலாம் என்று 1707-ல் சென்னையில் பெரிய கலாட்டா. கவர்னர் தாமஸ் பிட் தலையிட வேண்டியதாயிற்று. உடம்பில் இருந்த 'மேல்-கீழ்' தெருவுக்கே வந்துவிட்டது!

மாறாக, காந்தியைப் பாருங்கள். 1909-ல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதினார். வலது கை ஓய்ந்தபோது இடது கைக்கு மாற்றிக்கொண்டார். 275 பக்கங்களில் சுமார் 40 இடது கையால் எழுதியவை. எந்தப் பக்கம் எந்தக் கை என்று கருத்தை வைத்துச் சொல்லிவிட முடியுமா?

எனக்கு ஒரு கணக்கு தோன்றுகிறது. அடுத்தவர் கையில் பணமோ பிரசாதமோ கொடுக்கும்போது வலது கையால் கொடு என்று குழந்தைக்குச் சொல்லலாம். வாங்குகிறவர் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் அது. அதற்குப் பெயர் மரியாதை. ஆனால் எந்தக் கையால் எழுதுவது, எந்தக் கையால் தன் தட்டில் சாப்பிடுவது என்பதில் அடுத்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அங்கே போய்த் திருத்துவது மரியாதை இல்லை, அதிகாரம்.

இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நானும் இடதுகைக்காரன்தான். ஒன்றாம் வகுப்பில் ஸ்கேலால் முட்டியில் வாங்கி வலதுகைக்காரனாக்கப்பட்டவன். கையெழுத்து கோணலானது போகட்டும். 'என்னிடம் இயல்பாக வருவதெல்லாம் தப்பு போல' என்ற சந்தேகம் போக எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்பும் சொன்னேன். மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. ஆயாதான் கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நல்லா ரெண்டு கையையும் கழுவிட்டு உக்காரச் சொல்லு" என்றார்.

கிளம்பும்போது வாசலில் பார்த்தேன். மருமகள் இடது கையில் பொறையை நீட்டிக்கொண்டிருந்தாள். "மணி, கை குடு!"

எந்தக் கை என்று அவள் சொல்லவில்லை.