விழுந்தா யார் தூக்குவா?

செமஸ்டர் விடுமுறையில் கேமரன் மலையில் மூன்று நாள் காட்டு நடை போகலாம் என்று நண்பர்கள் நால்வர் முடிவு செய்தோம். பொறியியல் மாணவர்கள் ஆச்சே, எல்லாம் கணக்குதான். மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இது 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி. வேரும் சேறுமாக இருக்கும் பாசிக் காட்டில் அது செல்லாது என்று நேரத்தை இரட்டிப்பாக்கினோம். பையில் போகும் ஒவ்வொரு பொருளின் எடையையும் கிராம் கணக்கில் எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை: ஃபுட்சாலில் அடிபட்ட என் முழங்கால்.

பாட்டி அந்த மலையில்தான் பல வருஷம் கொழுந்து பறித்தார். நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "நீ விழுந்தா யாருய்யா தூக்குவா?" அந்தக் காலத்தில் சரிவில் ஒருவர் வழுக்கினால், பக்கத்து நிரையில் இருப்பவர்தான் கூடையை இறக்கிவிட்டு ஓடுவாராம். நிறுவைக்குத்தான் கூலி. அடிபட்டவரோடு சேர்ந்து, தூக்கியவருக்கும் அன்றைய கூலி குறையும்.

"என் உயிர், என் இஷ்டம்" என்று நாம் ஈஸியாகச் சொல்லிவிடுகிறோம். 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தாவில் தங்கியிருந்த தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் காணாமல் போனார். போலீஸ், ராணுவம், ஒராங் அஸ்லி மக்கள் என்று எத்தனையோ பேர் காட்டுக்குள் இறங்கித் தேடினார்கள். அவருக்கு என்ன ஆனது என்பது இன்றுவரை மர்மம். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். ஒருவர் திரும்பாவிட்டால், முன்பின் தெரியாத பலர் அதே ஆபத்துக்குள் காலடி வைக்கிறார்கள். அப்படியென்றால் நம் துணிச்சலின் விலையை நாம் மட்டுமா கொடுக்கிறோம்?

"முருகன் பாத்துக்குவான்" என்றான் ஒரு நண்பன். பார்த்துக்கொள்வான்தான். ஆனால் காவடி எடுப்பவர்கூட விரதம் இருந்து உடம்பையும் மனசையும் தயார் செய்த பிறகுதானே பத்துமலையின் 272 படிகளில் ஏறுகிறார்? ஆயத்தம் செய்வதால் பக்தி குறைந்துவிடாது. என்னைப் பொறுத்தவரை, விரதத்தின் முதல் பாடம் தன்னிடமே பொய் சொல்லாமல் இருப்பது.

அன்றிரவே முழங்கால் விஷயத்தை நண்பர்களிடம் சொன்னேன். கொஞ்சம் திட்டு விழுந்தது. மூன்று நாள் திட்டம், 2,110 மீட்டர் உயர ஈராவ் மலைக்கு ஒருநாள் நடையாகச் சுருங்கியது. அதுவும் கால் குணமான பிறகுதான். வனத்துறை அனுமதி, வழிகாட்டி, திரும்பும் நேரம் எல்லாம் எழுதிய தாள் பாட்டியிடம் இருக்கும். மதியம் ஒரு மணிக்குள் உச்சியை அடையாவிட்டால், எங்கே நிற்கிறோமோ அங்கிருந்தே திரும்பிவிடுவோம்.

பட்டியலில் முதல் வரியாக இப்போது என் முழங்கால் இருக்கிறது. உங்கள் பட்டியலில் எதை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், நண்பர்களே?