சாயம் நிற்குமா

லுங்கி வாங்க வரும் வியாபாரி முதலில் விலை கேட்கமாட்டார். துணியின் ஓரத்தை நனைத்து, ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். வெள்ளையில் நிறம் இறங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். ஆர்.கே.பேட்டைத் தறிவீட்டில் வளர்ந்த எனக்கு, எந்த நிறத்தைப் பார்த்தாலும் அந்தக் கட்டைவிரல் ஞாபகம் வரும்.

*

1931-இல் எஸ்.கே.கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுப்பாதையில் சோழர் ஓவியங்களைக் கண்டார். மேலே நாயக்கர் கால ஓவியம். அது உதிர்ந்த இடத்தில், அடியில் ஆயிரம் வருடத்து முகங்கள். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலர் எஸ்.பரமசிவன் அந்தச் சுவரிடம் வியாபாரியின் கேள்வியைத்தான் கேட்டார். நிறத்தை எது பிடித்துவைத்திருக்கிறது? பிசினா, வச்சிரமா, எண்ணெயா? சோழர் ஓவியத்தில் சுண்ணாம்பேதான் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

*

சூளையில் வேகும்போது சுண்ணாம்புக்கல் கரியமில வாயுவை இழக்கிறது. சுவரில் ஈரச் சுதையாகக் காயும்போது அதே வாயுவைக் காற்றிலிருந்து வாங்கி மறுபடி கல்லாகிறது. அந்த நேரத்தில் மேலே பூசிய நிறத்தூளும் கல்லுக்குள் அடைபட்டுவிடும். ஈரம் இருக்கும்வரைதான் ஓவியனுக்கு நேரம். இது தெரிந்தபிறகு அந்தக் கோடுகளைப் பார்த்தால் கைகளின் வேகம் தெரிகிறது. தடுமாறியிருந்தால் தடுமாற்றமும் கல்லாகியிருக்கும்.

*

காவி என்பது இரும்பின் துரு. மஞ்சள் காவிக்குள் நீர் பிணைந்திருக்கிறது. சுட்டால் நீர் வெளியேறிச் சிவப்பாகும். அடுப்பு போதும். நம் லுங்கிச் சாயம் வெயில் பட்டுப் பட்டு மூலக்கூறு உடைந்து வெளிறும். துருவுக்கு அந்தப் பயம் இல்லை. காற்று செய்யக்கூடியதையெல்லாம் முன்பே செய்து முடித்துவிட்டது.

வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி. எல்லாம் பக்கத்திலேயே கிடைப்பவை. அஜந்தாவின் நீலம் மட்டும் ஆப்கானிஸ்தானத்துப் பதக்‌ஷான் மலையின் நீலக்கல். ஒரு கண்ணின் ஓரத்துக்காக அத்தனை தூரம்!

*

இப்போது எக்ஸ் கதிரைச் செலுத்தி, திரும்பிவரும் ஒளிர்வைக் கொண்டு இரும்பு, செம்பு, ஈயம் என்று பிரித்தறிகிறார்கள். சுவரிலிருந்து ஒரு பொருக்குகூடப் பெயர்க்க வேண்டாம். எனக்கு இதில் பெரிய நிம்மதி. ஆனால் விளக்குக் கரியின்முன் அக்கருவி ஊமை. கரிமம் அதற்கு மிக இலேசான தனிமம். கரியை அறிய வேறு கருவி வேண்டும்.

*

காஞ்சி கைலாசநாதர் கோயில். சுற்றுமதில் ஓரத்துச் சிற்றறைகள். பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் 1931-இல் பல்லவர் ஓவிய மிச்சங்களைக் கண்டறிந்த இடம். குனிந்து பார்த்தேன். பாதி உதிர்ந்த ஓர் உருவம், அதைச் சுற்றி ஒரு காவிக்கோடு. ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு வருடம். மழைக்காலத்து ஈரம் உள்ளே வாடையாக நின்றது.

என் கட்டைவிரல் தானாக எழுந்தது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.