கொஞ்சம்தானே?

சாந்தோக்ய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ஒரு சின்ன வேலை கொடுக்கிறார். உப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காலையில் வரச் சொல்கிறார். மறுநாள் அந்த உப்பைத் திரும்ப எடுத்துத் தரச் சொன்னால், மகனால் முடியவில்லை. ஆனால் மேலே, நடுவே, அடியே எங்கே சுவைத்தாலும் உப்பு கரிக்கிறது. சமய வகுப்பில் நம்மில் பலர் கேட்ட கதைதான். கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் நிறைந்திருக்கும் மெய்ப்பொருளை விளக்க வந்த கதை. இரசாயனப் பொறியியல் படிக்கும் எனக்கு, போன பருவத்தில் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு, இதில் இன்னொரு பாடமும் தெரிகிறது.

அன்று ஆய்வுக்கூடத்தில் சோதனை முடிந்தது. பீக்கரில் கொஞ்சம் அசிட்டோன் மிச்சம். கழிவுப் போத்தல் கூடத்தின் மறுகோடியில் இருந்தது. பக்கத்தில் இருந்த நண்பன் சொன்னான்: "கொஞ்சம்தானேடா, சிங்க்குல ஊத்திட்டு பைப்ப தொறந்து விடு." ஊத்தினேன். பைப்பைத் திறந்து விட்டேன். அரை நிமிடத்தில் வாசம்கூட இல்லை. யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அப்படியென்றால் நான் செய்தது தப்பா?

முதலில் தண்ணீரின் குணத்தைப் பார்ப்போம். அதன் மூலக்கூறு நேர்கோடாக இல்லை, ஏறக்குறைய 104.5 பாகையில் வளைந்திருக்கிறது. ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின். அதனால்தான் உப்பைப் போட்டவுடன் அதன் அயனிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, சுற்றி நின்று தாங்கிக்கொள்கிறது. அறை வெப்பத்தில் 100 மில்லிலிட்டர் தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைக் கரைக்கும். அசிட்டோனோ எந்த அளவிலும் கலக்கும். இந்தக் குணம் இல்லாவிட்டால் நம் இரத்தத்தில் சர்க்கரையும் உப்பும் ஓடாது, செடியின் வேருக்குச் சத்தும் போகாது. அதே குணத்தால்தான் நஞ்சும் கலக்கிறது. தண்ணீருக்கு நல்லது கெட்டது தெரியாது. அது நமக்குத்தான் தெரிய வேண்டும்.

2020 செப்டம்பர் 3 ஞாபகம் இருக்கிறதா? சிலாங்கூர் ஆற்றில் துர்நாற்றம் வந்ததால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. ரவாங் பக்கத்துத் தொழிற்சாலைக் கழிவே காரணம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். கோவிட் காலம். கையைக் கழுவு, கையைக் கழுவு என்று நாடே சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், கிள்ளானில் எங்கள் வீட்டில் கழுவத் தண்ணீர் இல்லை. தண்ணி லோரி வந்ததும் வாளியோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி, "அரை வாளி போதும்ப்பா, தூக்க முடியாது" என்றார்.

சேறு வந்தால் படிகாரம் போட்டுப் படிய வைக்கலாம், மணலில் வடிகட்டலாம். ஆனால் கரைந்துபோன சின்ன மூலக்கூறுகள் மணலைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் நிலையத்தையே மூட வேண்டி வந்தது.

இந்த நாற்றத்தை அளக்க ஓர் எண் உண்டு. நாற்ற நீரோடு நாற்றமில்லாத நீரைக் கலந்துகொண்டே போவார்கள். 1 லிட்டரோடு 99 லிட்டர் நல்ல நீரைக் கலந்த பிறகும் வாசம் இலேசாகத் தெரிந்து, அதற்கு மேல் கலந்தால் தெரியாமல் போனால், எண் 100. இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஒரு தப்பு எவ்வளவு பெரியது என்பதை, அதை மறைக்க எவ்வளவு நல்ல தண்ணீர் செலவாகிறது என்று அளக்கிறார்கள்! நான் பைப்பைத் திறந்து விட்டது வேறு என்ன?

நியாயமாகப் பேசினால், என் பீக்கரால் யார் வீட்டிலும் தண்ணீர் நிற்கவில்லை. அசிட்டோனை நுண்ணுயிரிகள் எளிதில் சிதைத்துவிடும். விளைவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் என் பங்கு கிட்டத்தட்டப் பூஜ்ஜியம். ஆனால் அது ஏன் பூஜ்ஜியம்? மற்றவர்கள் ஊத்தாமல் இருந்ததால். அந்தக் கூடத்தில் எத்தனையோ பேர் மறுகோடி வரை நடந்து போய்ப் போத்தலில் ஊற்றினார்கள். அவர்களுடைய கட்டுப்பாட்டில் நான் ஒளிந்துகொண்டேன். ஆற்றுக்கும் ஒரு தாங்கும் அளவு உண்டு. அது எல்லாருக்கும் பொது. கேட்காமல் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டேன். நம் யோக நெறியில் இயமங்களில் ஒன்று அஸ்தேயம், அதாவது திருடாமை. "கொஞ்சம்தானே" என்பது அளவைப் பற்றிய வார்த்தை. திருட்டு அளவைப் பொறுத்ததா?

"ஆறு புனிதமானது, எல்லாத்தையும் கழுவிடும்" என்று சிலர் சொல்வார்கள். தைப்பூசத்தின்போது பத்து மலையில் பக்தர்கள் நீராடும் பத்து ஆறு, கோம்பாக் ஆற்றில் சேர்கிறது. அது மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றோடு கலக்கிறது. பிறகு பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடி, எங்கள் ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. ஆறு கழுவுகிறது, உண்மைதான். ஆனால் கழுவியதை அழிப்பதில்லை; கீழே இருப்பவர்களிடம் கொண்டு போகிறது. நாம் விட்டு வரும் பிளாஸ்டிக்கும் எண்ணெயும் யாரோ ஒருவர் வாசலுக்குப் போகும். நீரைத் தாயாக வணங்குபவர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன்.

சுவேதகேதுவால் உப்பைத் திரும்ப எடுத்துத் தர முடியவில்லை. என்னாலும் முடியாது. ஊத்தியது ஊத்தியதுதான். கரைவது வேறு, இல்லாமல் போவது வேறு. செய்த வினையும் அப்படித்தானே?

அடுத்த வாரச் சோதனையிலும் பீக்கரில் மிச்சம் இருந்தது. மறுகோடிக்கு நடந்தேன். எண்ணிப் பார்த்தேன், இருபத்தி இரண்டு அடி. நண்பன் சிரித்தான். அதற்கடுத்த வாரம் அவனும் கூட வந்தான்.