உறுப்பினர் எழுத்தும் வெளியிடுபவர் பொறுப்பும்

பொதுத் தளம் ஒன்றுக்கு உறுப்பினர் செய்தி எழுதித் தந்தால், வாசகர் கண்ணில் படும் முன் அதை இன்னொருவர் படிக்க வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்வது மென்பொருளின் ஓர் அமைப்புதான். வேர்ட்பிரஸில் பங்களிப்பாளர் நிலையில் இருப்பவர் எழுதலாம், வெளியிட முடியாது. அதற்கு மேல்நிலையில் இருப்பவர் தன் எழுத்தைத் தானே வெளியிடலாம். பிறர் எழுத்தில் கைவைக்க இன்னும் ஒரு படி ஏற வேண்டும். ஜூம்லாவிலும் திருத்தும் உரிமை ஒரு படி, வெளியிடும் உரிமை அதற்கு மேற்படி. தளம் தொடங்கும் நாளில் அவசரமாகத் தேர்ந்தெடுக்கப்படும் இந்தப் படிகள் வெறும் நிர்வாக ஏற்பாடாகவே கருதப்படுகின்றன. ஆனால், ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொல்வதை ஊரறியச் செய்யும் அதிகாரம் யாருக்கு என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

இந்தக் கேள்விக்கு உலகம் கண்ட விடைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. 2000இல் தென்கொரியாவில் தொடங்கிய ஓமைநியூஸ், குடிமக்கள் எல்லாரும் நிருபர்களே என்றது. ஆயினும் அவர்கள் அனுப்பியதைச் சம்பளம் பெறும் ஆசிரியர் குழு படித்த பிறகே ஏற்றியது. சிஎன்என் நிறுவனத்தின் ஐரிப்போர்ட் தளமோ, திருத்தாமல் வடிகட்டாமல் தருவதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டது. 2008 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு மாரடைப்பு என்ற பொய்ச் செய்தி அதில் ஏறியதும் அந்நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. 2005இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவர் விளையாட்டாக எழுதிய பொய், ஜான் சீகெந்தாலர் என்ற மூத்த பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தியது. நான்கு மாதங்களுக்கு மேல் அதை யாரும் நீக்கவில்லை. அந்த ஆண்டு இறுதியில்தான், பதிவு செய்யாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்க அங்கே தடை வந்தது.

இந்தியச் சட்டம் இதில் விசித்திரமான இடத்தில் நிற்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பிறர் எழுத்தைத் தாங்கும் தளத்துக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அந்தப் பாதுகாப்புக்கான நிபந்தனைகளில் ஒன்று, உள்ளடக்கத்தைத் தளமே தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ கூடாது என்பது. ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் நீக்கும் கடமை எழும் என்று விளக்கியது. கருத்துரிமைக்கு அது நல்ல காவல். ஆனால் அறத்தின் கணக்கு வேறு. படித்துப் பார்த்தவரைவிடப் படிக்காமல் விட்டவருக்கு நிம்மதி அதிகம் என்ற நிலையை ஊர்ப் பொதுக்காரியத்தில் யாரும் நியாயம் என்று சொல்ல மாட்டார்கள். 'கருத்துகளுக்கு எழுதியவரே பொறுப்பு' என்ற அடிக்குறிப்பு வழக்கிலிருந்து ஒருவேளை காப்பாற்றலாம். அவதூறுக்கு ஆளானவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டியுள்ள திருப்புட்குழி போன்ற ஊருக்கு உறுப்பினர் எழுதும் தளம் ஒன்று இருப்பதாகக் கொண்டால் சிக்கல் கைக்கெட்டும் அளவுக்கு வந்துவிடும். விஜயராகவப் பெருமாள் கோயில் கொண்ட இவ்வூர் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. இராமன் சடாயுவுக்கு இறுதிக் கடன் செய்த இடம் இது என்பது தலவரலாறு. வைத்தீஸ்வரன்கோயிலில் சடாயு குண்டம் உண்டு. கும்பகோணம் பக்கத்துத் திருப்புள்ளபூதங்குடியும் அந்தப் பெருமையைக் கோருகிறது. எனவே 'இதுவே அந்த இடம்' என்று உறுப்பினர் எழுதினால், 'என்பது தலவரலாறு' என்று சேர்க்கச் சொல்வதில் பக்திக்கு ஒரு குறையும் வராது. மற்ற இரண்டு ஊர்க்காரர்களுக்கும் நியாயம் செய்ததாகும். இது எளிய வகை.

அதே கோயிலின் இன்னொரு வழக்கம் அவ்வளவு எளிதில்லை. பிள்ளைப்பேறு வேண்டுவோர், வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு உறங்குவார்கள். விடியலில் அது முளை விட்டிருந்தால் மரகதவல்லித் தாயார் அருளால் குழந்தை பிறக்கும் என்பது நம்பிக்கை. இந்த நம்பிக்கையைப் பற்றி எழுதுவதில் தவறில்லை. ஆனால் இன்ன தெருவில் இன்னாருடைய மருமகளுக்குப் பயறு முளைத்தது என்று ஒருவர் படத்தோடு எழுதினால், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லாமல் இருக்கலாம். எழுதியவர் அதை வாழ்த்தாகவே நினைத்திருப்பார். ஆனாலும் ஒரு பெண்ணின் பல வருட வேதனை, அவள் சம்மதம் இல்லாமல் தேடுபொறியில் நிலையாகத் தங்கிவிடுகிறது. உண்மையா என்று மட்டும் கேட்கும் ஆசிரியர் இங்கே தவறிவிடுவார். இந்த உண்மையைச் சொல்ல யாருக்கு உரிமை என்பதுதான் அவர் முதலில் கேட்க வேண்டியது. சிற்றூரில் பெயரை நீக்கிவிட்டாலும் போதாது. தெருவும் உறவும் தெரிந்தால் ஆளும் தெரிந்துவிடும்.

மூன்றாவது வகை, குற்றச்சாட்டு. சேலை உள்ளிட்ட சில துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இருந்தும் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விலைபோகிறது என்பது நெசவாளர்களின் பழைய முறையீடு. ஒரு நெசவாளர் குறிப்பிட்ட கடையின் பெயரைச் சொல்லி அப்படி எழுதினால், அதை உடனே ஏற்றுவதும் பிழை, ஓரம் கட்டுவதும் பிழை. கடைக்காரரின் பதிலைக் கேட்க வேண்டும். எழுதியவருக்கு அந்தக் கடையோடு கூலிப் பாக்கியோ போட்டியோ இருந்தால் அதை வாசகருக்குச் சொல்ல வேண்டும். பாக்கி இருப்பதாலேயே அவர் சொல் பொய்யாகிவிடாது. பெரும்பாலும் உள்ளே இருந்து பாதிக்கப்பட்டவருக்குத்தான் விஷயம் தெரியும்.

இங்கே நிறுத்தி வைக்கும் அதிகாரத்தையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. தளத்தின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? கோயில் நிர்வாகத்துக்கோ பட்டு முதலாளிகளுக்கோ நெருங்கியவரிடம் என்றால், திருவிழாச் செய்தி ஒரு மணி நேரத்தில் ஏறும். கூலிச் செய்தி 'சரிபார்ப்பில்' மாதக்கணக்கில் கிடக்கும். சரிபார்ப்பு என்ற நல்ல பெயரில் நடக்கும் தணிக்கைதான் சிற்றூர்த் தளங்களுக்குப் பொய்ச் செய்தியைவிடப் பெரிய ஆபத்து. சத்தீஸ்கரில் 2010இல் சுப்ரான்சு சௌத்ரி தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, கோண்டி பேசுவோர் உட்பட எழுத்தறியாதவர்களும் கைபேசியில் பேசிச் செய்தி பதிய வழி செய்தது. அங்கும் சரிபார்த்த பிறகே செய்தி வெளியாகிறது. ஆனால் வந்து சேராத ரேஷனும், கிடைக்காத கூலியும் அங்கே மையச் செய்திகள். சரிபார்ப்பு பலவீனர் பக்கமும் நிற்க முடியும் என்பதற்கு அது சான்று. நிறுத்தி வைத்தால் காரணத்தையும் கெடுவையும் எழுதியவருக்குச் சொல்வது குறைந்தபட்ச நேர்மை.

எழுத்தில் கைவைப்பதற்கும் எல்லை உண்டு. ஒற்றுப்பிழை திருத்தலாம். தறிக்காரரின் பேச்சு மொழியைச் செந்தமிழாக்கினால் கட்டுரை அழகாகலாம். ஆனால் அவர் பெயரின் கீழ் அவர் சொல்லாத தொனி வந்துவிடும். பொருள் மாறும் திருத்தத்தை அவரிடம் காட்டி ஒப்புதல் பெறாமல் ஏற்றுவது, அவர் வாயில் வேறொருவர் பேச்சைத் திணிப்பது.

வெளியான பிறகு பிழை தெரிந்தால், சத்தமில்லாமல் மாற்றிவிட மென்பொருள் இடம் தருகிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் 'வரலாறு' பக்கம் உண்டு. யார் எப்போது எதை மாற்றினார் என்பதை யாரும் பார்க்கலாம். செய்தித் தளத்துக்கும் அந்த வழக்கம் பொருந்தும்: குற்றம் சாட்டிய செய்தி தவறென்றால், திருத்தம் அதே இடத்தில், தேதியோடு, முதல் செய்தியைப் படித்தவர் கண்ணில் படும்படி வர வேண்டும். பயறு முளைத்த செய்தி போன்றவற்றுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அங்கே திருத்தக் குறிப்பே இரண்டாவது அம்பலமாகிவிடும். தடயம் இல்லாமல் முழுமையாக நீக்குவதே சரி.